ஜானவாசத்துக்குப் போன டீசல் வண்டி

டீசல் வண்டி நின்றுபோனால் பயப்பட ஒன்றுமில்லை என்று உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் வண்டிக்குத்தான் ஆயிரம் நோவு. பிளக்கு, காயில், பாயிண்ட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டீசலுக்குத் தீப்பொறியே கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று நின்றால், டீசல் வரவில்லை, அல்லது டீசலோடு காற்றும் சேர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு ஐப்பசி மாதம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதை இப்போது எழுதிவைக்கிறேன்.

அப்போது மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், வீட்டுக்காரர் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறையில் குடியிருந்தோம். நீங்கள் மிகவும் சின்னவர்கள். நான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு அச்சாபீஸில் பைண்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தது எட்டாவது. வண்டி வைத்துக்கொள்ளும் வசதியெல்லாம் நமக்கு ஏது? அடையாறில் ஒரு பெரிய பங்களாவில், மாமரத்தடியில், எஞ்சின் இல்லாமல் பல வருஷமாக நின்றிருந்த அமெரிக்கக் கார் அது. படகு போல நீளம், கூரை துணி, அந்தத் துணியிலும் பாதி எலி தின்றது. இடத்தை அடைக்கிறதே, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். பெட்ரோல் விலை ஒரே தாவாகத் தாவியிருந்த சமயம். பெரிய கார்களையெல்லாம் ஜனங்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் புதுப்பேட்டையில் உடைக்கப்போட்டிருந்த ஒரு வேனின் டீசல் எஞ்சினைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை செய்து, அந்தப் படகுக்குள் இறக்கினேன். உங்கள் அம்மாவின் டிபன் கேரியர் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி, டீசல் தூவும் நாசில்களைக் கழுவியதும், அதற்கு அப்புறம் அந்த மூடி சமையலறைக்குள் திரும்பப் போகவே முடியாததும் தனிக் கதை.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம்தான் கொஞ்சம் அதிகம். சைதாப்பேட்டையில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த உங்கள் தாய்மாமன் முதல் நாளே வந்து, பானட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான்.

"இன்னா மாமா, வண்டி ஓட்டப் போறியா, மாவு மிஷின் வைக்கப் போறியா? நாளிக்கி காலீல கேவுரு எடுத்துக்கினு பொம்பளைங்க லைன்ல வந்து நிப்பாங்கோ, பாத்துக்க."

வீட்டுக்காரருக்கும் அதன் மேல் பிரியம் கிடையாது. கிணற்றடிக்குப் போகும் வழியில் நிற்கிறது, அவர் வீட்டு மாமி வடாம் காயவைக்கும் பக்கம் புகை போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் "உங்க லாரி".

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை, காப்பி டம்ளரோடு கிணற்றடிக்கு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கூரைத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம வண்டியோட கூரையைச் சுத்தமா கழட்டிட முடியுமோ?" என்றார்.

நம்ம வண்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. அவர் பெண்ணுக்குக் கல்யாணம் குறித்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்கள் இருவருக்கும் தலை பின்னிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டிய பெண் அவள். முன்பே ஒரு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து, ஏதோ அற்பப் பேச்சில் தட்டிப்போயிருந்தது. இந்த இடம் அமைந்ததில் அந்த வீட்டில் எல்லாருக்கும் மூச்சு திரும்பியிருந்தது. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, பிள்ளையார் கோவிலிலிருந்து திறந்த காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாகச் சத்திரத்துக்கு அழைத்து வர வேண்டும். கார் பெண் வீட்டுப் பொறுப்பு. புரட்டாசி முழுக்க முகூர்த்தம் இல்லாமல், ஐப்பசியில் வந்த முதல் முகூர்த்தம் அது. ஊரில் இருந்த திறந்த காரெல்லாம் முன்பே பேசப்பட்டுவிட்டது.

கூரையைக் கழட்டலாம் என்றேன். அவர் டம்ளரைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நடுத்தெருவுல நின்னுடாதோல்லியோ? பிள்ளை வீட்டுக்காரா ரொம்பப் பாக்கறவா. மாப்பிள்ளையை உக்கார வெச்சுண்டு வண்டியைத் தள்ளற மாதிரி ஆச்சுன்னா, அவ்வளவுதான். அந்தப் பேச்சு குழந்தை தலையிலதான் விடியும்."

"நிக்காது சார். நான் பொறுப்பு" என்றேன்.

சொன்னபோது அது உண்மைதான். அதுவரை அந்த வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கிணற்றடியில் வைத்து வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். உங்கள் அம்மா சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு வந்து ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். வாழைக்கன்று கட்டி, பொரி படைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்தோம். கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று அன்றைக்கே டாங்கி நிறைய டீசலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் உங்களை ஏற்றிக்கொண்டு தியாகராய நகர் போனேன். பனகல் பார்க்கைத் தாண்டவில்லை, எஞ்சின் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

காற்று இழுத்திருக்கும் என்று நினைத்தேன். இறங்கினேன். டீசல் அளவு காட்டும் முள் அந்த வண்டியில் என்றைக்குமே வேலை செய்ததில்லை. ஆகையால் வண்டி நின்றால் என் முதல் வேலை, பின்பக்கம் போய் டாங்கி மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டு அளவு பார்ப்பது. டீசல் தளும்ப நின்றது. மூடியை மூடிவிட்டு முன்னால் வந்தேன். எஞ்சின் பக்கத்தில் டீசலை உறிஞ்சித் தரும் சின்ன பம்பு இருக்கும். அதில் கையால் அடிக்க ஒரு நாக்கு உண்டு. பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, அந்த நாக்கை அடித்தால், காற்று நுரை நுரையாக வெளியே வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். அப்படியே செய்தேன். செல்ப் அடித்ததும் எடுத்துக்கொண்டது. வீடு வந்து சேர்வதற்குள் இன்னொரு தடவை நின்றது. மறுபடி குச்சி, மறுபடி நுரை, மறுபடி எடுத்துக்கொண்டது.

காற்று வருகிறது என்றால் எங்கோ இணைப்பில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் வண்டிக்கடியில் படுத்தேன். டீசல் குழாயின் செம்பு வாஷர்கள் அத்தனையும் புதிது போட்டேன். டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயை மாற்றினேன். பம்பைக் கழட்டி உள்ளே இருந்த தோலை மாற்றினேன். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வீட்டில் நிற்கவைத்து ஓட்டினால் எத்தனை நேரமானாலும் சாந்தமாக ஓடும். தெருவில் இறக்கினால் நிற்கும். அதிலும் ஒரு விநோதம் கவனித்தேன். டாங்கி பாதி காலியானதும் கொஞ்சம் அதிக தூரம் போயிற்று. ஊர்வலத்துக்கு வேண்டுமே என்று மறுபடி நிரப்பினேன், மறுபடி சீக்கிரம் நின்றது. வயிறு நிறைய நிறையப் படுத்துக்கொள்ளும் வண்டியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

உங்கள் மாமனுக்குக் கொண்டாட்டம்.

"மாமா, நா சொல்றத கேளு. அய்யரான்ட இப்பவே போயி முடியாதுன்னு சொல்லிடு. மாப்ள நடந்தே வரட்டும், இன்னா இப்போ? நல்லா பசி எடுக்கும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, அவனே கொஞ்சம் இறங்கி வந்து, தன் டாக்ஸியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். கூரை போட்ட டாக்ஸியில் எங்கே ஜானவாசம் நடத்துவது?

வீட்டுக்காரர் காலையில் கிணற்றடிக்கு வருவார், வண்டிக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் என் காலைப் பார்ப்பார், போய்விடுவார். அந்தக் கல்யாணப் பெண் மட்டும் ஒரு நாள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எல்லாம் சரியாயிடும் அண்ணா, நீங்க சாப்பிட்டுட்டுப் பாருங்கோ" என்று சொன்னாள். குடித்துவிட்டு மறுபடி வண்டிக்கடியில் படுத்தேன்.

கல்யாணம் அடுத்த வாரம் என்ற நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை மாமியிடம் விட்டுவிட்டு, உங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு அடையாறு பக்கம் கிளம்பினேன். நின்றால் நான் தள்ள, ஸ்டியரிங் பிடிக்கவாவது ஒரு ஆள் வேண்டுமே. பாலத்தின் மேல் பாதி தூரம் போனதும் அது வழக்கம் போல இரண்டு தும்மல் போட்டு நின்றது. குச்சியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மாவும் இறங்கி, ஆற்றுக் காற்றுக்குப் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நான் மூடியைத் திருகினேன்.

"அது இன்னா சத்தம்?" என்றாள்.

என்ன சத்தம் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. டீசல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தி என் காது மந்தமாகியிருந்ததோ என்னவோ.

"மூடியத் தொறக்கசொல்லோ உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்துச்சே. எண்ண டின்னு மாதிரி."

"எந்த எண்ணெ டின்னு?"

"கடையில டின்னுல எண்ண ஊத்துவாங்க இல்ல. ஒரு ஓட்ட போட்டா கொட்டுமா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போட்டாதானே எறங்கும். இதுக்கு எங்க போட்டு வச்சிருக்கே இன்னொண்ணு?"

நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியும், அதன் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் டாங்கிக்குள் காற்று போக வேண்டும். அந்தத் துளையைக் காணோம். அது இருந்த இடத்தில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஆயுத பூஜையன்று அம்மா வைத்த பொட்டுகளில் அதுதான் இருப்பதிலேயே பெரியது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. டாங்கிக்குள் காற்று போக வழியில்லை. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் டீசல் வர மறுக்கிறது. அந்த இழுப்பில்தான் எங்கெங்கோ இருக்கும் துளிக் காற்றும் நுரையாக வருகிறது. டாங்கி நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரமே நிற்கிறது. நானோ ஒவ்வொரு தடவையும் குச்சி விட்டு அளவு பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்து நோயைத் தீர்த்துவிட்டு, முன்னால் போய்ப் பம்பு அடித்து, அதனால்தான் சரியானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நின்றபடி ஓட்டும்போதும் நடுநடுவே திறந்து பார்த்துக்கொண்டேதானே இருந்தேன்.

பொட்டைச் சுரண்டிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாதாம், அதுவும் கல்யாணக் காரியத்துக்குப் போகிற வண்டியில். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழட்டிக் கொடுத்தாள். பொட்டு அழியாமல், நடுவில் ஊக்கு முனையை வைத்து மெதுவாகத் திருகினேன். பொடி உதிர்ந்தது, துளை திறந்தது. மூடிக்கு மூக்கு குத்தினது போல ஆயிற்று என்று சொல்லி அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பாலத்தில் சைக்கிளில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று அடையாறு, திருவான்மியூர், திரும்பி சைதாப்பேட்டை, அங்கே உங்கள் மாமன் வீட்டு வாசலில் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி ஒரு டீ, அப்புறம் தியாகராய நகர் வழியாக மயிலாப்பூர். எங்கும் நிற்கவில்லை. இருந்தாலும் வீட்டுக்காரரிடம் பெருமையாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ரோட்டில் ஓடுவது வேறு, ஊர்வலத்தில் ஊர்வது வேறு.

அந்தச் சாயங்காலமும் வந்தது. மத்தியானம் பெய்த மழையில் தெரு ஈரமாக இருந்தது. கூரையைக் கழட்டி, மாலை தொங்கவிட்டு, சீட்டில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. மாமி ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் கொண்டுவந்து வண்டி முழுக்கப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் டாங்கி மூடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இங்கே ஏற்கெனவே வைத்தாயிற்று மாமி என்றேன். வேலை முடிந்து கிண்ணம் உள்ளே போகிறவரை கையை எடுக்கவில்லை.

பிள்ளையார் கோவில் வாசலில் மாப்பிள்ளை வந்து ஏறினார். கோட்டுக்குள் பாவம் வேர்த்துக்கொண்டிருந்தது. நான் செல்ப் அடித்ததும், பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பித் தெருக்கோடியைப் பார்த்து, "ஏதோ பஸ் வர்றது, எல்லாரும் ஓரமா வாங்கோ" என்றார். சிரிப்பு எழுந்தது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்கு முன்னால் போக வேண்டியவர், என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

நாதஸ்வரக்காரர்கள் நடக்கிற வேகம்தான் எங்கள் வேகம். அவர்கள் ராகத்தை இழுத்தால் நாங்களும் நிற்க வேண்டும். இருபுறமும் காஸ் லைட்டைத் தலையில் சுமந்தவர்கள். வீட்டுக்கு வீடு வாசலில் வந்து மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள், நிறுத்துகிறார்கள். கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாக என் இடது கால் மரத்துப்போனது. எஞ்சின் மட்டும் அடங்கின குரலில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே வந்தது. தவில்காரர் ஒரு முறை திரும்பி, எஞ்சினைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "தாளம் தப்பல சார், உள்ள யாரு ஒக்காந்திருக்கா?" என்றார். அப்போதுதான் வீட்டுக்காரர் கதவைப் பிடித்த கையை மாற்றிப் பிடித்தார்.

மாட வீதி திரும்பும் இடத்தில் ஒரு தடவை எஞ்சின் குரல் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் தெருப் பிள்ளைகள் ஒரு கூட்டமே பின்னால் தொற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் இருவரும் மாப்பிள்ளையின் மடிக்குப் பக்கத்தில் ராஜாங்கமாக உட்கார்ந்திருந்தீர்கள். கொஞ்சம் மிதித்துக் கொடுத்தேன், குரல் ஏறிவிட்டது.

அங்கேதான் எதிரே இன்னொரு ஊர்வலம் நின்றுகொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த நல்ல பெட்ரோல் கார், வெள்ளை நிறம், பளபளவென்று. அதன் பானட் திறந்திருந்தது. ஊர்கிற வேகத்தில் எஞ்சின் கொதித்து, ரேடியேட்டரிலிருந்து ஆவி பூக்களுக்கு மேலே பொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாப்பிள்ளை கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சும்மா ஓடும்போது அது கொஞ்சமாகத்தான் குடிக்கும், கொஞ்சமாகத்தான் சூடாகும். எங்கள் வண்டியில் சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேயே படுத்திருந்தது.

உங்கள் மாமன் கோவிலிலிருந்தே, எப்படியும் கொதிக்கும் என்ற நம்பிக்கையில், ஒரு டின் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தான். என் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். மறுபடி தொட்டுப் பார்த்தான்.

"இன்னா மாமா, இது சூடே ஆவ மாட்டேங்குது? தண்ணிய இன்னா பண்றது?"

"அந்த வண்டிக்கு ஊத்துடா மச்சி. பாவம், நிக்கிது" என்றேன்.

அவன் ஊற்றினான். அவர்கள் ஒதுங்கி வழிவிட, நாங்கள் தாண்டிப் போனோம். தாண்டும்போது நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, சுருதியைத் தூக்கி ஒரு பிடி பிடித்தார். பிள்ளை வீட்டுப் பெரியவர், பஸ் என்று சொன்னாரே அவர்தான், அந்த வெள்ளைக் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது என்ன எஞ்சின், யார் போட்டது என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். எங்காத்துப் பின்கட்டிலேயே வெச்சுப் போட்டது, பாகம் பாகமா நான் கூட இருந்து பார்த்தேன் என்றார்.

சத்திர வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மாப்பிள்ளை இறங்கினார். மாலை போட்டு உள்ளே அழைத்துப்போனார்கள். மேளம் நின்றது. மாடி ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் தெரிந்தது. வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே ஓடிவிட்டாள். நான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் ஓட, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"உள்ள நிச்சயதார்த்தப் பத்திரிகை வாசிக்கறா, இந்தச் சத்தத்துல ஒரு எழுத்து காதுல விழலை. எங்கே நின்னுடுமோ நின்னுடுமோன்னு இத்தனை நாளா எனக்குத் தூக்கம் இல்லை. இப்போ நானே வந்து நிறுத்துங்கோன்னு கெஞ்ச வேண்டியிருக்கு" என்றார்.

டேஷ்போர்டுக்குக் கீழே எஞ்சினை அணைக்கும் குமிழ் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தேன். நின்றது.